வீட்டிலிருந்தே புது வேலை, ஒன்பது நாள் ஆச்சு, நான் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை போல

மாடி_அறை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் மூன்றரை வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். அதை விட்டுவிட்டு இந்த அக்டோபர் முதல் வாரத்தில் புதுக் கம்பெனியில் சேர்ந்தேன். முழுக்க முழுக்க வீட்டிலிருந்துதான். மேனேஜர் பெர்லினில், டீமில் இரண்டு பேர் பெங்களூரில், ஒருவர் போலந்தில், நான் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில். லேப்டாப் கூரியரில் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததுதான் என் ஜாயினிங் டே.

பழைய ஆபீசில் சேர்ந்த முதல் நாளே நாலு பேர் டீ குடிக்கக் கூட்டிப்போனார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் யார் சிடுமூஞ்சி, யாரிடம் சந்தேகம் கேட்கலாம், எந்த சர்வர் திங்கட்கிழமை காலையில் படுத்துக்கொள்ளும் என்று எல்லாம் தெரிந்துவிட்டது. இங்கே ஒன்பது வேலை நாள் ஆகியும் மேனேஜர் தவிர யார் குரலும் சரியாக அடையாளம் தெரியவில்லை. மதியம் ஒரு மணிக்கு ஸ்டாண்டப் (அவரவர் வேலை நிலவரம் சொல்லும் தினசரி மீட்டிங்), அதில் ஒரு நிமிஷம் நான் பேசுவேன், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் என்விரான்மென்ட் (டெஸ்டிங்குக்கான சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த இடம்) செட்டப் செய்ய ஒரு டாக்குமென்ட் கொடுத்தார்கள். அதில் நான்காவது ஸ்டெப்பில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் "இதுகூடத் தெரியாதா, இவனையா எடுத்தோம்" என்று நினைப்பார்களோ என்று பயம். ஸ்டாண்டப்பில் "செட்டப் போய்க்கொண்டிருக்கிறது" என்றே மூன்று நாளும் சொல்லிவிட்டேன். நேற்று பெங்களூர் சீனியருக்கு ஹாய் என்று மெசேஜ் போட்டேன், அவர் இரண்டு மணி நேரம் கழித்து ஹாய் என்றார், அதற்குள் எனக்கு தைரியம் போய்விட்டது.

இன்னொரு பக்கம் டீம்ஸில் (எங்கள் ஆபீஸ் சாட் ஆப்) நான் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் அந்தப் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாதென்று சாப்பிடக்கூடக் கீழே போவதில்லை. அம்மா தட்டோடு மேலே வருகிறார். பக்கத்து வீட்டு மாமா அப்பாவிடம் "தம்பிக்கு வேலை போயிடுச்சா, பகல்ல வீட்லயே இருக்கானே" என்று விசாரித்திருக்கிறார்.

ஆறு மாதம் புரொபேஷன். வீட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் நல்ல பெயர் எடுக்க என்ன செய்தீர்கள்?

பழைய_லீட்:

தம்பி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். ஐந்து வருடமாக என் டீமில் பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. அதனால் உங்கள் மேனேஜர் கண்ணுக்கு இப்போது என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு உங்கள் பயம் தெரியாது. மாடி அறை தெரியாது. தட்டோடு மேலே வரும் அம்மாவைத் தெரியாது. அவருக்குத் தெரிவது மூன்று நாளாக மாறாத ஒரு வரி, "செட்டப் போய்க்கொண்டிருக்கிறது". ஆபீசில் என்றால் நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாராவது "என்னப்பா?" என்று கேட்டுவிடுவார்கள். இங்கே அந்தத் தலையில் கை வைப்பதையும் நீங்களே டைப் செய்தாக வேண்டும்.

என் டீமில் ஒரு பையன் இப்படித்தான் மூன்று வாரம் சத்தமே இல்லாமல் இருந்தான். 2022 கடைசி அது. ஒரே நேரத்தில் போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்தார்கள் என்று விப்ரோ 300 பேரை நீக்கியதாக அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொல்லி, எங்கே பார்த்தாலும் மூன்லைட்டிங் பேச்சாக இருந்த சமயம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இவன் வேறெங்கோ வேலை பார்க்கிறானோ என்று. கூப்பிட்டுப் பேசினால், பாவம், ஒரு பர்மிஷன் கிடைக்காமல் மூன்று வாரமாகத் தானே எதையெதையோ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். நான் பதினைந்து நிமிஷத்தில் வாங்கிக் கொடுத்த பர்மிஷன் அது. அவன் மேல் தப்பென்று சொல்லமாட்டேன், முதல் வாரமே நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எல்லா மேனேஜரும் கூப்பிட்டுப் பேசமாட்டார்கள், சிலர் மனதிலேயே முடிவு கட்டிவிடுவார்கள், அது உங்களுக்குத் தெரிவதற்குள் புரொபேஷன் முடிந்திருக்கும்.

அந்த ஹாய் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எடுத்த எடுப்பில் விஷயத்தைக் கேட்பது மரியாதை இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்போம், நேரில் அது அழகு. சாட்டில் அது எதிரே இருப்பவரைத் தொங்கலில் விடுகிற வேலை. ஹாய் வந்திருக்கிறது, என்ன வரப்போகிறதோ தெரியாது, அவர் ஒரு மீட்டிங்கில் இருக்கிறார், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுகிறார். ஹாய், கேள்வி இரண்டையும் ஒரே மெசேஜில் போடுங்கள். இப்படி:

"ஹாய், செட்டப் டாக்குமென்டில் நான்காவது ஸ்டெப்பில் நிற்கிறேன். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் டைம் அவுட் ஆகிறது, எரர் கீழே இருக்கிறது. விபிஎன் மாற்றிப் பார்த்தேன், பாஸ்வேர்ட் ரீசெட் செய்து பார்த்தேன், இரண்டும் உதவவில்லை. எனக்கு ஆக்சஸ் இல்லையோ என்று சந்தேகம். யாரிடம் கேட்க வேண்டும்?"

இதைப் படிக்கிறவருக்கு நீங்கள் முட்டாளாகத் தெரியமாட்டீர்கள். என்ன முயன்றோம் என்று சொல்லிக் கேட்பவனை யாரும் அப்படி நினைப்பதில்லை. எரரை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாமல் டெக்ஸ்டாக ஒட்டுங்கள், அவர் அப்படியே எடுத்துத் தேடலாம்.

அப்புறம், முடிந்தவரை தனி மெசேஜில் கேட்காதீர்கள், டீம் சேனலில் (டீமில் எல்லோரும் பார்க்கும் குரூப் சாட்) கேளுங்கள். கூச்சமாக இருக்கும், தெரியும். தனியாகக் கேட்டால் அந்த ஒருவர் லீவில் இருந்தால் கதை முடிந்தது. சேனலில் கேட்டால் போலந்துக்காரர் பதில் சொல்லலாம், அடுத்த வருடம் சேர்பவன் அதைத் தேடி எடுக்கலாம், மேனேஜரும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கேட்காமலே பார்த்துவிடுவார். எவ்வளவு நேரம் தனியாக முட்டலாம் என்றால், என் கணக்கு புதிதாகச் சேர்ந்தவருக்கு அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி. மூன்று நாள் இல்லை, தம்பி.

கடைசியாக ஒன்று. அந்த நான்காவது ஸ்டெப் சரியானதும் சும்மா விட்டுவிடாதீர்கள். அந்த டாக்குமென்டில் இல்லாததை எழுதிச் சேர்த்துவிடுங்கள். டீமில் இருப்பவர்கள் செட்டப் செய்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், அது பழசாகிப்போனது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, புதிதாக வந்தவருக்கு மட்டும்தான் தெரியும். முழுக்க ரிமோட்டில் இயங்கும் கிட்லாப் போன்ற கம்பெனிகள் தங்கள் வேலைமுறையை எழுதிவைத்த ஹேண்ட்புக்கின் பெரும்பகுதியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கின்றன, ரிமோட்டில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க நேரம் கிடைத்தால் ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள்.

வத்திக்குச்சி:

மௌஸ் ஜிக்லர் (மௌஸைத் தானா அசைச்சுக்கிட்டே இருக்கும் கருவி) வாங்கிப் போடுங்க ப்ரோ, ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். புள்ளி நாள் முழுக்கப் பச்சை. கீழே போய் நிம்மதியா சாப்பிடுங்க 😄

பழைய_லீட்:

@வத்திக்குச்சி விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள், இவர் நிஜமாகவே வாங்கிவிடப் போகிறார். 2024இல் அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு ஓடுவதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பிய செய்தி வந்ததே. கம்பெனி லேப்டாப்பில் எதைச் செருகினாலும் ஐடி டீமுக்குத் தெரிய வழி இருக்கிறது.

டீம்ஸில் ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் தானாக மஞ்சளாகும். யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே மஞ்சளாகிவிடும். என் டீமில் நன்றாக வேலை செய்பவர்கள் பாதி நாள் மஞ்சளில்தான் இருப்பார்கள். காலண்டரில் 1.30 முதல் 2.15 வரை சாப்பாடு என்று போட்டுவிட்டுக் கீழே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

திருச்சி_கோடர்:

லீட் அண்ணா சொல்வது ஐடி டீமுக்குச் சரி. எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பதால் எழுதுகிறேன், இதைப் படிக்கிறவர்களில் என் லைன்காரர்களும் இருப்பார்கள்.

நான் மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டைப் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) படித்து, நோய்க்கு ஐசிடி, சிகிச்சைக்கு சிபிடி என்று கோடு போடும் வேலை. இங்கே சேனலில் அழகாக எழுதுவதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, புரொடக்‌ஷன் எவ்வளவு, குவாலிட்டி எவ்வளவு, அவ்வளவுதான். இரண்டாவது கம்பெனியில் வீட்டிலிருந்து சேர்ந்தபோது நான் செய்த தப்பு, முதல் வாரமே வேகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று இறங்கினது. பழைய இடத்தில் ரேடியாலஜி செய்தவள், இங்கே எமர்ஜென்சி சார்ட், இரண்டும் ஒன்றில்லை. எண்ணிக்கை வந்தது, குவாலிட்டி 95 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அப்புறம் இரண்டு மாதம் என் ஒவ்வொரு சார்ட்டையும் ஆடிட்டர் துருவித் துருவிப் பார்த்தார். வேகம் குறைந்தவள் என்று பெயர் எடுத்தால் மெல்ல மாற்றிவிடலாம், தப்பு போடுகிறவள் என்ற பெயர் லேசில் போகாது. அதனால் என் லைனில் புதிதாகச் சேர்பவர்களுக்கு, முதல் மாதம் டார்கெட்டைக் கொஞ்சம் மறந்துவிட்டு ஆடிட்டரின் ஃபீட்பேக்கை ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள், ஒரே தப்பு இரண்டாவது முறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இன்னொன்று, நோயாளி விவரம் திரையில் இருக்கும் வேலை என்பதால் அறைக்குள் யாரும் வரக் கூடாது, போன் கையில் இருக்கக் கூடாது, பேப்பரில் குறிப்புகூட எழுதக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. "அப்படி என்ன ரகசியம் பார்க்கிறே?" என்றார்கள். "அத்தை, யாரோ ஒருத்தர் ஸ்கேன் ரிப்போர்ட், நம்ம வீட்டு ரிப்போர்ட்டை இப்படி ஊரே பார்த்தா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு வேறு யாராவது வந்தாலும் அவர்களே வாசலில் நிறுத்திவிடுகிறார்கள்.

மழைக்கால_நண்டு:

நான் ஏழு வருடமாக ஐரோப்பாக்காரர்களோடு வேலை செய்கிறேன், கடைசி நாலு வருடம் வீட்டிலிருந்து. பெர்லின் மேனேஜர் என்றதால் சில விஷயம்.

முதலில் சார் என்பதை விடுங்கள். எனக்கு அது வாயில் வராமல் இருக்க ஆறு மாதம் ஆனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு கூசும், பரவாயில்லை, பழகிவிடும். நாம் மரியாதையாகச் சொல்லும் சார், அவர்களுக்கு ஒரு சுவர் எழுப்பியதுபோல் இருக்கிறதாம். என் மேனேஜரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அதைவிட முக்கியம், நம்முடைய "ஓகே". புரிந்தாலும் ஓகே, புரியாவிட்டாலும் ஓகே, முடியாது என்பதற்கும் ஓகே. அவர்கள் ஓகே என்றால் ஓகே என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், வெள்ளிக்கிழமை வேலை வரும் என்று காத்திருப்பார்கள். நான் இப்போதெல்லாம் மீட்டிங் முடிந்ததும் நாலு வரி எழுதிப் போட்டுவிடுவேன், "நான் புரிந்துகொண்டது இது, இதை முதலில் செய்கிறேன், புதன்கிழமை காட்டுகிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள்" என்று. இங்கிலீஷ் வேகமாகப் பேச வராதவர்களுக்கு இது பெரிய உதவி. மீட்டிங்கில் திக்கித் திணறினாலும் எழுத்தில் தெளிவாக நிற்கலாம், யோசித்து எழுத நேரம் இருக்கிறது அல்லவா. உண்மையில் ஆபீசில் சத்தமாகப் பேசுகிறவர்கள் முன்னால் காணாமல் போன நான், ரிமோட்டில்தான் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன்.

அவர்கள் ஃபீட்பேக் நேரடியாக இருக்கும். "இது சரியில்லை, இந்த மூன்றை மாற்று" என்று ஒரு வரியில் வரும். கோபம் என்று நினைத்து முதல் தடவை அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் அதே ஆள் பூனைப் படம் அனுப்பினார்.

கேமரா? முதல் ஒரு மாதமாவது ஆன் செய்யுங்கள். பெயர் மட்டும் இருக்கிற ஒரு வட்டத்தோடு யாருக்கும் ஒட்டாது. பின்னால் துணிக்கொடி இருந்தால் பிளர் போட்டுக்கொள்ளலாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகத் தெரியும்.

ஸ்டாண்டப் ஒரு மணிக்கு என்றீர்களே, அது பெர்லினில் 9.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், இப்போது மூன்றரை மணி வித்தியாசம், அப்புறம் நாலரை. மீட்டிங்கை அவர்கள் ஊர் நேரத்தில் போட்டிருந்தால் உங்களுக்கு இரண்டு மணிக்கு மாறிவிடும். நான் முதல் வருடம் அந்தத் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தனியாக மீட்டிங்கில் உட்கார்ந்து "யாருமே வரலையே, என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களோ" என்று பயந்திருக்கிறேன் 😅

தீபாவளி லீவையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தேதி தெரியாது, அது வருடா வருடம் மாறும் என்பதும் தெரியாது. முந்தின நாள் போய்க் கேட்பதுதான் தப்பாகத் தெரியும். லீவு இல்லாத நாளில் வெடிச் சத்தத்துக்கு டீம்ஸில் பின்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் சப்ரஷனை முழுசாக வையுங்கள், குக்கர் விசிலையும் அது ஓரளவு விழுங்கிவிடும்.

டீக்கடை இல்லை என்று வருத்தப்பட்டீர்கள். டீமில் ஒவ்வொருவரிடமும் இருபது நிமிஷம் கேளுங்கள், தனித்தனியாக. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் பெண் பார்க்க வந்ததுபோல் ஆகிவிடும். "டெஸ்டிங்கில் எது உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது, நான் எதை முதலில் எடுத்தால் உங்களுக்கு நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். புலம்ப வாய்ப்புக் கொடுத்தால் யாரும் இருபது நிமிஷத்தில் நிறுத்தமாட்டார்கள்.

மூணாம்_நம்பர்_மீட்டர்:

வேலை விஷயம் எனக்குத் தெரியாது, ஊரில் உட்கார்ந்து வேலை செய்வதற்கான விஷயம் தெரியும். நானும் தென்காசிப் பக்கம்தான்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பீடரில் (உங்கள் பகுதிக்குக் கரண்ட் வரும் லைன்) என்றைக்கு என்று பேப்பரில் வரும், காலை 9 மணிக்குப் போனால் மதியமோ சாயங்காலமோ ஆகும். அன்றைக்கு ஸ்டாண்டப் நேரம் முழுக்க அதற்குள் வந்துவிடும். லேப்டாப் பேட்டரி தாக்குப்பிடிக்கும், ரௌட்டர் போய்விடும். அதற்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறது, வாங்குவதற்கு முன் உங்கள் ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று பாருங்கள், நிறைய ரௌட்டருக்கு 12 வோல்ட் வரும். ஃபைபர் பெட்டி தனியாக, வைஃபை ரௌட்டர் தனியாக இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும், இதை மறந்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினேன். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பினால், ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதைவிட்டு வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போவது உண்டு. வடகிழக்குப் பருவமழை வேறு ஆரம்பிக்கிற நேரம் இது.

ராத்திரி_ஷிஃப்ட்:

எல்லோரும் நல்லதே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன். புதுசில் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று ராத்திரி பதினொரு மணி மெசேஜுக்கெல்லாம் உடனே பதில் போட்டேன், ஞாயிற்றுக்கிழமையும் எட்டிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அது என் நல்ல குணம் என்பது போய் என் வேலை நேரம் என்றே ஆகிவிட்டது. பிறகு ஒருநாள் காலையில் பதில் போட்டால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். முதல் வாரத்தில் எந்த நேரத்தில் லேப்டாப்பை மூடுகிறீர்களோ அதுதான் கடைசிவரை நிற்கும். பெர்லின் நாலு மணி நமக்கு ஏழரை, போகப்போக எட்டரை ஆகிவிடும். எத்தனை மணி வரை இருப்பேன் என்று இப்போதே மேனேஜரிடம் பேசி காலண்டரில் போட்டுவிடுங்கள்.

வத்திக்குச்சி:

சரி சரி, ஜிக்லரை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பக்கத்து வீட்டு மாமாவுக்கு என்ன வழி, அதை யாருமே சொல்லலையே?

திருச்சி_கோடர்:

@வத்திக்குச்சி கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு தினம் காலையில் ஒருதரம் தெருமுனை வரை போய்விட்டு வரச் சொல்லுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, என் தம்பி உண்மையிலேயே அப்படித்தான் செய்தான்.

மாடி_அறை:

எல்லோருக்கும் நன்றி. எனக்காக இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

லீட் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் தயங்கினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சேனலில் போட்டுவிட்டேன், எரரை டெக்ஸ்டாகவே ஒட்டி. ஏழு நிமிஷத்தில் போலந்துக்காரர் பதில் போட்டார். அந்த சர்வரையே ஆகஸ்டில் மாற்றிவிட்டார்களாம், டாக்குமென்டில் பழைய முகவரி இருக்கிறது. நான் என்ன முட்டினாலும் அது வேலை செய்திருக்காது. மூன்று நாள்! நேற்று ராத்திரி அந்த டாக்குமென்டைத் திருத்தி அனுப்பினேன், அதைத்தான் இந்தக் கம்பெனியில் என் முதல் வேலை என்று சொல்ல வேண்டும். மேனேஜர் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டிருக்கிறார். அது நல்லதா கெட்டதா என்று @மழைக்கால_நண்டு அக்காதான் சொல்ல வேண்டும்.

பெங்களூர் சீனியரோடும் இருபது நிமிஷம் பேசினேன், நாற்பதாகிவிட்டது. அவருக்கு ஊர் விருதுநகர்! இத்தனை நாள் இரண்டு பேரும் இங்கிலீஷில் ஹாய் ஹாய் என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

வியாழக்கிழமை எங்கள் ஏரியாவில் கரண்ட் கிடையாது, ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். யூபிஎஸ் ஆர்டர் போட்டாயிற்று, அதற்குள் வருமா தெரியவில்லை. வராவிட்டால் சித்தப்பா வீட்டுத் தெரு வேறு பீடர், அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன் என்று சேனலில் இப்போதே எழுதிவிட்டேன். போலந்துக்காரர் பீடர் என்றால் என்ன என்று கேட்கிறார், பதில் எழுதிவிட்டு வருகிறேன்.